இடிக்காமல் ஊர் திருத்தியவர்

(சிவில் பிரிவுப் பழைய மாணவர் ஒருவர், தொண்டூர், செஞ்சி வட்டம்)

மலர்க்குழு நண்பர்கள் போன் செய்து ஒரு கட்டுரை கேட்டார்கள். எதைப் பற்றி வேண்டுமானாலும் எழுதலாம், ஹாஸ்டல் மெஸ் சாம்பாரைப் பற்றி மட்டும் வேண்டாம், ஏற்கெனவே நாலு பேர் எழுதிக் கொடுத்துவிட்டார்கள் என்றார்கள். சரி, நம் தொழிலுக்கு உதவக்கூடிய ஒரு பெரியவரின் வாழ்க்கையைச் சொல்லலாமே என்று தோன்றியது. அவர் எஞ்சினீயர் இல்லை. ஆர்க்கிடெக்டும் இல்லை. தாவரவியல் வாத்தியார். நாம் நாலு வருடம் மாங்கு மாங்கென்று படித்து வாங்கிய மாதிரி ஒரு பட்டம்கூட அவர் வாங்கவில்லை. ஆனால் நூறு வருடங்களுக்கு முன்பு நம் தஞ்சாவூரிலும் மதுரையிலும் சந்து சந்தாக நடந்து, நம்மைப் போன்ற எஞ்சினீயர்கள் செய்கிற ஒரு தப்பைக் கண்டுபிடித்துச் சொன்னவர் அவர்தான். பெயர் பேட்ரிக் கெடிஸ்.

அவரைப் பற்றி எனக்கு ஏன் அக்கறை என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊர் தொண்டூர். செஞ்சிக்குப் பக்கம். சமணர் படுக்கைகளும் தமிழ்ப் பிராமி கல்வெட்டும் உள்ள பழைய ஊர்; ஆனால் மழை பொய்த்தால் கல்வெட்டா சோறு போடும்? என் சித்தப்பா அப்படி ஒரு வறட்சி வருடத்தில் சென்னைக்குக் கொத்து வேலைக்குப் போனவர். ஒரு கால்வாய்க் கரையில் குடிசை போட்டுக்கொண்டு இருந்தார்கள். கவுன்சிலிங்குக்கு வந்தபோது நான் தங்கியது அந்தக் குடிசையில்தான். நம் கல்லூரியில் எனக்கு இடம் கிடைத்த செய்தியை முதலில் கேட்டது என் சித்தி. அவர் அப்போது நாலு வீட்டில் பாத்திரம் தேய்த்துவிட்டு வந்து உட்கார்ந்திருந்தார். அந்தக் குடிசை இப்போது இல்லை. அந்தக் கதையைக் கடைசியில் சொல்கிறேன்.

கண் போன நாட்கள்

கெடிஸ் 1854 அக்டோபர் 2ஆம் தேதி ஸ்காட்லாந்தில் பாலட்டர் என்ற சிற்றூரில் பிறந்தார். அப்பா பட்டாளத்துக்காரர். பெர்த் என்ற ஊரில் ஒரு குன்றின் சரிவில் இருந்த வீட்டில், தோட்டம் போட்டுக்கொண்டு, மலையைச் சுற்றிக்கொண்டு வளர்ந்தார். அப்பா சொன்னாரே என்று ஒன்றரை வருடம் பேங்கில் கணக்கு எழுதினார், பிடிக்கவில்லை. லண்டனுக்குப் போய், டார்வினின் கொள்கைக்காக ஊர் ஊராய் வாதாடிய தாமஸ் ஹக்ஸ்லியிடம் உயிரியல் படித்தார்.

1879இல் ஆராய்ச்சிக்காக மெக்சிகோ போன இடத்தில் கண் பார்வை போய்விட்டது. வாரக்கணக்கில் இருட்டறையில் அடைத்து வைத்தார்கள். இருபத்தைந்து வயசு, மைக்ராஸ்கோப்தான் பிழைப்பு, கண்ணே போனால் என்ன செய்வது? அந்த இருட்டில் ஜன்னல் சட்டங்களின் கட்டங்களை விரலால் தடவித் தடவி, ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு விஷயத்தை மனசுக்குள் பொருத்திப் பார்க்கப் பழகினார். இடம், தொழில், மக்கள் இந்த மூன்றும் ஒன்றை ஒன்று எப்படிப் பாதிக்கின்றன என்று கட்டம் கட்டமாக யோசிக்கும் பழக்கம் அங்கே ஆரம்பித்ததுதான். பார்வை திரும்பி வந்தது. ஆனால் மைக்ராஸ்கோப்பில் நெடுநேரம் வேலை செய்யும் தெம்பு வரவில்லை. செடியைப் பார்த்த கண் ஊரைப் பார்க்கத் திரும்பியது. செடிக்கு மண்ணும் வெயிலும் மாதிரி, மனுஷனுக்கு அவன் இருக்கிற தெரு என்று அவருக்குப் பட்டது.

சேரிக்குக் குடிபோன புது மாப்பிள்ளை

1886இல் அன்னா மார்ட்டன் என்ற பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டார். வசதியான வீட்டுப் பெண். கல்யாணம் ஆன கையோடு இருவரும் எடின்பரோ நகரின் பழைய பகுதியில் ஜேம்ஸ் கோர்ட் என்ற இடத்துக்குக் குடிபோனார்கள். பணக்காரர்கள் எல்லாம் புது நகரத்துக்குப் போய்விட, பழைய உயரமான வீடுகளில் அறைக்கு ஒரு குடும்பம் என்று ஏழைகள் நெருக்கியடித்துக் கிடந்த இடம் அது. வெளிச்சம் இல்லை, தண்ணீர் வசதி இல்லை, நாற்றம் வேறு.

அங்கே போய் அவர்கள் பிரசங்கம் செய்யவில்லை. தங்கள் வீட்டைச் சுத்தம் செய்து சுண்ணாம்பு அடித்தார்கள். ஜன்னலில் பூச்செடி வைத்தார்கள். அக்கம்பக்கத்தாரையும் சேர்த்துக்கொண்டு முற்றத்தைக் கூட்டினார்கள். ரொம்பவும் பாழடைந்த கட்டிடம் ஒன்றிரண்டை எடுத்துவிட்டு அந்த இடத்தில் தோட்டம் போட்டார்கள். மிச்சத்தை ரிப்பேர் செய்தார்கள். மறு வருடம், 1887இல், அங்கேயே மாணவர்களுக்கு ஹாஸ்டல் ஆரம்பித்தார். அதில் ஒரு விசேஷம் உண்டு: வார்டன் கிடையாது! பையன்களே நிர்வாகம். இதை நம் செட் ஆட்கள் படித்தால் எவ்வளவு பெருமூச்சு விடுவார்கள் என்று எனக்குத் தெரியும்.

1888இலிருந்து 1919 வரை டண்டீ நகரக் கல்லூரியில் தாவரவியல் பேராசிரியர். வருடத்தில் சில மாதங்கள்தான் வகுப்பு; பாக்கி நேரம் எல்லாம் ஊர் வேலை. 1892இல் எடின்பரோவில் அவுட்லுக் டவர் என்ற கோபுரக் கட்டிடத்தை எடுத்து நடத்தினார். வருகிறவர்களை முதலில் நேராக உச்சிக்கு ஏற்றிவிடுவார். மேலிருந்து தன் ஊரை முழுசாகப் பார்த்த பிறகு, மாடி மாடியாக இறங்கி வந்தால் ஸ்காட்லாந்து, ஐரோப்பா, கடைசியில் உலகம். தன் ஊரைத் தெரிந்துகொண்ட பிறகுதான் உலகம் என்பது அவர் கணக்கு.

எம்டன் மூழ்கடித்த கண்காட்சி

நம் ஊரில் பயங்கரமான ஆளை எம்டன் என்று சொல்கிறோமே, அந்த எம்டனுக்கும் இவருக்கும் ஒரு சம்பந்தம் உண்டு. உலக நகரங்களின் வரைபடங்கள், படங்கள், மாதிரிகள் எல்லாம் சேர்த்து நகர் அமைப்புக் கண்காட்சி ஒன்றை அவர் பல வருடம் பாடுபட்டு உருவாக்கியிருந்தார். 1913இல் பெல்ஜியத்தில் கெண்ட் நகரில் அதற்குப் பெரிய பரிசே கிடைத்தது. அதைப் பார்த்து, சென்னை மாகாண கவர்னர் பென்ட்லண்ட் பிரபு அவரை இங்கே அழைத்தார். 1914இல் மகன் அலஸ்டேரோடு ஒரு கப்பலில் அவர் புறப்பட்டார். கண்காட்சிப் பெட்டிகள் கிளான் கிராண்ட் என்ற இன்னொரு கப்பலில் வந்தன. செப்டம்பர் 22 இரவு சென்னையில் குண்டு போட்ட அதே ஜெர்மன் கப்பல் எம்டன், அக்டோபரில் கிளான் கிராண்டை மறித்து மூழ்கடித்துவிட்டது. பல வருட உழைப்பு கடலுக்குள்!

வேறு ஆளாக இருந்தால் திரும்பிப் போயிருப்பார். கெடிஸோ லண்டன் நண்பர்களுக்கு எழுதி, அவர்கள் அவசர அவசரமாகத் திரட்டி அனுப்பிய படங்களைக் கொண்டு, 1915 ஜனவரியில் சென்னைப் பல்கலைக்கழக செனட் மண்டபத்தில் கண்காட்சியைத் திறந்துவிட்டார். பிறகு தஞ்சை, மதுரை, கோவை, பெல்லாரி என்று மாகாணத்து நகரங்களைச் சுற்றி, 1915இலேயே அறிக்கை கொடுத்தார். அடுத்த சில வருடங்களில் இந்தியா முழுக்கச் சுமார் ஐம்பது நகரங்கள்.

தஞ்சாவூரில் ஒரு கணக்கு

இங்கேதான் சிவில்காரர்கள் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார வேண்டும். தஞ்சைக் கோட்டைப் பகுதியில் ஒரு நெருக்கமான குடியிருப்பு. அதைச் சீர்படுத்த ஏற்கெனவே ஒரு திட்டம் தயாராக இருந்தது: குறுக்கும் நெடுக்கும் ஸ்கேல் வைத்த மாதிரி நேர்த் தெருக்கள், நடுவில் வருகிற வீடுகளை எல்லாம் இடிப்பது. அதற்கு மதிப்பீடு ரூ.30,000. கெடிஸ் அதே இடத்துக்குப் போட்ட மதிப்பீடு ரூ.5,000. ஆறில் ஒரு பங்கு!

எப்படி முடிந்தது? மந்திரம் ஒன்றுமில்லை. அவர் முதலில் நடந்தார். ஒவ்வொரு வீட்டையும், கிணற்றையும், மரத்தையும், சின்னக் கோயிலையும் வரைபடத்தில் குறித்தார். எது நல்ல வீடு, எது சரி செய்யலாம், எது தானாகவே விழக் காத்திருக்கிறது என்று பிரித்தார். ஆட்கள் எந்தச் சந்தில் போய் எந்தச் சந்தில் வருகிறார்கள் என்று பார்த்தார். அப்புறம்தான் பென்சில். போக்குவரத்துக்குத் தேவையான வழி பழைய சந்துகளிலேயே இருந்தது. காலி மனைகளையும், பாழாய்ப்போன ஒரு சில வீடுகளையும் எடுத்தால் சந்து அங்கங்கே அகலமாகி, சின்னச் சின்ன முற்றங்களாகத் திறந்துகொள்ளும். அங்கே மரம் வைத்தால் நிழல். ஒவ்வொரு வீட்டுக்கும் காற்று வரும், துப்புரவு வண்டி வரும். சந்து வளைகிறபடி சாக்கடையும் வளைந்து போகட்டும்.

இந்த முறைக்கு அவர் வைத்த பெயரைத் தமிழில் காக்கும் அறுவை சிகிச்சை என்று சொல்லலாம். கை விரலில் புண் என்றால் விரலைப் பார்க்கிறவர் டாக்டர், தோளோடு வெட்டுகிறவர் யார் என்று நாம்தான் சொல்ல வேண்டும். சேரியை இடித்தால் சேரி ஒழிவதில்லை. இடிபட்டவன் அடுத்த தெருவில் இன்னொரு குடும்பத்தோடு நெருக்கிக்கொள்கிறான், அல்லது ஊர் ஓரத்தில் இன்னொரு குடிசை போடுகிறான் என்பதை அவர் அன்றே திரும்பத் திரும்பச் சொன்னார்.

குளங்கள் விஷயமும் அப்படித்தான். கொசு, மலேரியா என்று சொல்லி ஊருக்குள் இருந்த குளங்களைத் தூர்க்க வேண்டும் என்று அதிகாரிகள் நினைத்த காலம். கெடிஸ் கூடாது என்றார். சுத்தம் செய்து மீனும் வாத்தும் விட்டால் அவை கொசுப்புழுவைத் தின்றுவிடும்; குளம் வெயிலில் ஊரைக் குளிர்விக்கும், மழையில் வெள்ளத்தை வாங்கிக்கொள்ளும் என்பது அவர் வாதம். நாம் கேட்டோமா? 1920களில் மாம்பலத்து நீளமான ஏரியைத் தூர்த்துத்தான் தியாகராய நகரை அமைத்தோம். 2015 டிசம்பரில் சென்னை எப்படி மிதந்தது என்று எல்லோருக்கும் நினைவிருக்கும்.

இந்தூரில் ஒரு நாள் மகாராஜா

1917இல் இந்தூர் சமஸ்தானத்தில் நடந்ததுதான் எனக்கு ரொம்பப் பிடித்த கதை. ஊரில் பிளேக். கையில் வரைபடத்தோடு சந்துகளில் திரியும் தாடிக்காரக் கிழவரைப் பார்த்து ஜனங்கள் பயந்தார்கள். வரைபடம் வந்தால் பின்னாலேயே கடப்பாரை வரும் என்பது அவர்கள் அனுபவம். கெடிஸ் மகாராஜாவிடம் போய், தீபாவளி சமயத்தில் ஒரு நாள் மட்டும் தன்னை மகாராஜாவாக்கும்படி கேட்டார். கிடைத்தது. உடனே அறிவித்தார்: இந்த வருட ஊர்வலம் வழக்கமான வீதிகளில் போகாது, எந்தத் தெருக்காரர்கள் தங்கள் வீடுகளையும் தெருவையும் நன்றாகச் சுத்தம் செய்து சரிபண்ணி வைக்கிறார்களோ அந்தத் தெரு வழியாகப் போகும்.

அவ்வளவுதான். ஊர் முழுக்கக் கூட்டல், பெருக்கல், வெள்ளையடிப்பு! வண்டி வண்டியாகக் குப்பை வெளியே போயிற்று. ஊர்வலத்தில் யானைகளோடு தெருக்கூட்டும் தொழிலாளர்களும் வெள்ளை உடுத்தி, மாலை போட்டுக்கொண்டு, மரியாதையோடு நடந்தார்கள். பிளேக் அரக்கனையும் எலியையும் பொம்மையாகச் செய்து கொளுத்தினார்கள். வீட்டுக்கு வைக்கத் துளசிச் செடி கொடுத்தார்கள். ஊர் ஜனங்களின் பயம் போய், கிழவர் மேல் நம்பிக்கை வந்தது.

அந்த ஊர்வலம் அவர் வாழ்க்கையின் எந்த வருடத்தில் நடந்தது என்பதையும் சொல்ல வேண்டும். அதே 1917 ஏப்ரலில் மகன் அலஸ்டேர் பிரான்சில் போர்க்களத்தில் இறந்தார். சென்னைக்கு அப்பாவுடன் வந்த அதே பிள்ளை. அன்னா அப்போது இந்தியாவில் கடும் காய்ச்சலில் படுத்திருந்தார். செய்தி தெரிந்தால் தாங்கமாட்டார் என்று கெடிஸ் மனைவியிடம் மறைத்துவிட்டார். மகன் போனது தெரியாமலேயே ஜூன் மாதம் கல்கத்தாவில் அன்னா இறந்தார். அதற்குப் பின்னும் அவர் தெருக்களில் நடப்பதை நிறுத்தவில்லை.

கடைசி வருடங்கள்

1919இல் பம்பாய்ப் பல்கலைக்கழகத்தின் முதல் சமூகவியல் பேராசிரியர் ஆனார். 1924 வரை இருந்தார். ஜகதீஷ் சந்திர போஸ் நெருங்கிய நண்பர். 1920இல் அவர் வரலாற்றைப் புத்தகமாக எழுதியவர் இவர்தான். தாகூரும் நண்பர். 1925இல் டெல் அவிவ் நகருக்குத் திட்டம் போட்டார். பிரான்சில் மான்ட்பெல்லியரில் ஒரு கல்லூரி கட்டினார். 1932இல் சர் பட்டம் வந்தது. அதே வருடம் ஏப்ரல் 17ஆம் தேதி மான்ட்பெல்லியரில் காலமானார். வயது 77.

குறையே இல்லாத மனிதர் என்று சொல்ல வரவில்லை. தாடிக்குள்ளேயே முணுமுணுவென்று பேசுவார். பின் வரிசைக்குக் கேட்காது. ஒரு வேலையை முடிக்கும் முன் பத்து வேலை ஆரம்பிப்பார். கணக்கு வழக்கில் ரொம்ப சுமார். கவர்னர்களும் மகாராஜாக்களும் அழைத்துத்தான் வந்தார். தெருக்காரர்களின் பேச்சைக் கேட்டாலும் முடிவு எடுக்கும் இடத்தில் அவர்கள் இல்லை. எழுதிய அறிக்கைகளில் பெரும்பாலானவை அலமாரியில் தூங்கின. 1947இல் ஜாக்குலின் டிர்விட் என்ற அம்மையார் அவற்றில் முக்கியமான பகுதிகளைத் தொகுத்துப் புத்தகமாகப் போட்ட பிறகுதான் உலகம் திரும்பிப் பார்த்தது. பெரு நாட்டில் லிமா நகரத்து மக்கள் தாங்களே கட்டிக்கொண்ட குடியிருப்புகளில் வேலை செய்து பேர் வாங்கிய ஜான் டர்னர் என்ற ஆர்க்கிடெக்டுக்கும் கெடிஸின் எழுத்து வழிகாட்டியாக இருந்தது.

நம் மாகாணத்தில் 1920இல் நகர் அமைப்புச் சட்டம் வந்தது. 1970இல் குடிசை மாற்று வாரியம் வந்தது. 1971இல் அதற்கான சட்டம். 1977இலிருந்து உலக வங்கி உதவியோடு, குடிசைப் பகுதிகளை இருக்கும் இடத்திலேயே மேம்படுத்தும் வேலை சென்னையில் நடந்தது: தண்ணீர்க் குழாய், கழிப்பிடம், சிமெண்ட் நடைபாதை, மனைப் பத்திரம். கெடிஸ் இருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார். 2000க்குப் பிறகு காற்று மாறியது. கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் என்று நகரத்தின் தெற்கு ஓரத்தில் ஆயிரக்கணக்கான வீடுகள். 2011 கணக்கெடுப்பில் சென்னை மாநகராட்சி மக்களில் ஏறத்தாழ 29 சதவீதம் பேர் குடிசைப் பகுதிகளில் இருந்தார்கள். வெள்ளத்தில் மூழ்கும் கரையில் யாரையும் வைத்திருக்க முடியாது என்பது நியாயம்தான். ஆனால் எல்லாக் குடிசையும் கரை விளிம்பிலா இருக்கிறது? எது விளிம்பு, எது இல்லை என்று நடந்து பார்த்தவர் யார்?

நான் போட்ட கோடு

இப்போது பாக்கிக் கதை. சித்தியின் குடிசையை எடுத்தபோது ஊருக்கு வெளியே தொலைவில் ஒரு வீடு கொடுத்தார்கள். காங்கிரீட் கூரை, கரண்ட், கழிப்பறை எல்லாம் உண்டு. பாத்திரம் தேய்த்த நாலு வீடுதான் அங்கே இல்லை. இரண்டு பஸ் மாறிப் போய் வந்து பார்த்தார், கட்டுப்படியாகவில்லை. ஒவ்வொரு வீடாக விட்டுவிட்டார்.

இதில் எனக்குப் பெரிய கோபம். ஆனால் கொஞ்ச நாள் கழித்து நானே என்ன செய்தேன் தெரியுமா? அப்போது ஒரு தனியார் நிறுவனத்தில் வேலை. ஒரு சிறு நகரில் முப்பது அடி ரோடு போட டிராயிங். ஏசி ரூமில் உட்கார்ந்து, சாட்டிலைட் படத்தின் மேல் கோடு இழுத்தேன். நேர்க்கோடு, பார்க்க அழகாக இருந்தது. அதன் அடியில் 42 வீடுகள். குறி போடப் போன அன்று ஒரு ஆயா என் கையில் இருந்த பெயிண்ட் டப்பாவைப் பார்த்துவிட்டு, தன் வீட்டுச் சுவரில் எழுதுவதற்கு முன் ஒரு வாய் தண்ணீர் குடிக்கச் சொன்னார். குடித்தேன். அந்த சொம்பைப் பார்த்ததும் எனக்கு சித்தி ஞாபகம் வந்துவிட்டது. அன்று யார் சுவரிலும் எழுதாமல் திரும்பி வந்தேன்.

நம் கல்லூரி நூலகத்தில் மூன்றாம் வருடம் புரட்டிப் பார்த்துவிட்டு மூடி வைத்த டிர்விட் அம்மையாரின் புத்தகம் அப்போதுதான் நினைவுக்கு வந்தது. தேடி வாங்கிப் படித்தேன். மேலே இருந்தவர்களிடம் இரண்டு வாரம் அவகாசம் கெஞ்சி வாங்கிக்கொண்டு, அந்தத் தெருக்களில் காலையும் மாலையும் நடந்தேன். பின்பக்கத்தில் ஏற்கெனவே வண்டி போகிற ஒரு பாதை இருந்தது. இரண்டு இடத்தில் வளைத்தால் போதும். புது டிராயிங்கில் 42 என்பது 11 ஆயிற்று. ஆயா வீடு தப்பியது. அந்த 11 வீட்டுக்காரர்களுக்கு நான் இன்னும் பதில் வைத்திருக்கவில்லை. ரோட்டின் வளைவைப் பார்த்து சிலர் என்னைக் கிண்டல் செய்தார்கள், பரவாயில்லை.

ஊருக்குப் போகும்போதெல்லாம் செஞ்சிக் கோட்டையைத் தாண்டித்தான் போவேன். ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திராயன் துர்க்கம் என்று மூன்று மலை, அவற்றை இணைக்கும் மதில், களஞ்சியம், குளம் எல்லாம் கச்சிதம். 2025 ஜூலையில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலிலும் இடம் பெற்றது, எங்களுக்கெல்லாம் பெருமை. ஆனால் மாலை ஐந்து மணிக்கு மேல் உள்ளே ஒரு அடுப்பு எரியாது. கல் அப்படியே இருக்கிறது, ஜனங்கள் போய்விட்டார்கள். ஊர் என்பது கல்லா ஜனமா என்று அங்கே நின்றால் தெரியும்.

நம் செட்டில் பாதிப் பேர் இன்று கையெழுத்துப் போடும் இடத்தில் இருக்கிறோம். நாம் இழுக்கும் ஒரு மில்லிமீட்டர் கோட்டுக்கு அடியில் யாராவது ஒருவரின் சித்தி இருப்பார். ஒரு தரம் நடந்துவிட்டுக் கோடு போடுவோம். இந்த வருடச் சந்திப்பு முடிந்ததும் தஞ்சாவூர்க் கோட்டைப் பகுதிச் சந்துகளில் ஒரு காலை நடை போகலாம் என்றிருக்கிறேன். வருகிறவர்கள் சொல்லுங்கள், சேர்ந்தே போவோம். காபி என் செலவு.